எண் பிறந்த இடம்

“இந்த இருபத்திரண்டு எங்கதாங்க பிறக்குது?” என்று கேட்டுக்கொண்டே பொன்னுரங்கம் ரெஜினாவின் மேசைக்கு வந்தார்.

ரெஜினா அவரைவிட வயதில் சின்னவள். ஆனால் கெர்னல், அதாவது கணினியை அடியிலிருந்து ஆட்டிவைக்கும் அந்த நிரல், அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்தில் கேலியாகக் குருவம்மா என்பார்கள். கேலி செய்தவர்கள்தான் கடைசியில் அவளிடம் வந்து நிற்பார்கள்.

“எந்த இருபத்திரண்டு, சார்?”

“நம்ம ஸ்கேன் மெஷின் நின்னுபோகுது. மைனஸ் இருபத்திரண்டுன்னு காட்டுது. கொடுத்த மதிப்பு சரியில்லைன்னு அர்த்தம். நம்ம டீம்ல இருந்த நாச்சியாரோட ஃபங்ஷன்ல, அவ எழுதின நிரல் துண்டுலதான் தப்புன்னு அதை மொத்தமா மாத்தி எழுதினேன். மறுபடியும் வருது.”

“அவகிட்டயே கேக்கலாமே?”

“வேலையை விட்டுப் போயிட்டா.”

ஏன் போனாள் என்று ரெஜினா கேட்கவில்லை. ஆபீசுக்கே தெரிந்த கதை.

“அவதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“மெஷின் எழுதி வெக்கிற பதிவு, அந்த லாக்ல அவ ஃபங்ஷன் பேர்தானே இருந்துச்சு.”

ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. அவ எழுதின பழைய ஃபங்ஷனைத் திறங்க. அதுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இந்த எண்ணை நீயே போட்டியா, கீழேருந்து வாங்கி மேல கொடுத்தியா?”

பொன்னுரங்கம் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“வாங்கித்தான் கொடுத்திருக்கு.” குரல் இறங்கிவிட்டது. “அப்போ லாக்ல இவ பேர் எப்படி வந்துச்சு?”

“கீழ ஏதோ சரியில்லைன்னு இவ மட்டும்தான் எழுதி வெச்சிருக்கா. மத்ததெல்லாம் வாயே திறக்கல.”

அவர் திரையில் அதற்குக் கீழே இருந்த ஃபங்ஷன்களுக்கு ஒவ்வொன்றாக இறங்கினார். “இதுவும் வாங்கிக் கொடுத்ததுதான். இதுவும்.”

கடைசியில் ஒரு குட்டி ஃபங்ஷன். கேட்ட நினைவக இடம் வரம்பைத் தாண்டினால் மைனஸ் இருபத்திரண்டைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

“பிடிச்சாச்சு! இங்கதான் பிறக்குது!”

“பிறக்குது, சரி. ஆனா அது என்ன தப்பு பண்ணுச்சு? வரம்பைப் பார்த்துச்சு, சொல்லுச்சு. இவ்வளவு இடத்தைக் கேட்டது யாரு?”

கேட்ட அளவு மேலிருந்து கைமாறிக் கைமாறி வந்திருந்தது. பொன்னுரங்கம் வந்த வழியே ஏறினார். நாச்சியாரின் ஃபங்ஷனைத் தாண்டி, உச்சிவரைக்கும். படம் வேகமாக வரட்டும் என்று அளவை இரட்டிப்பாக்கிய ஒரு வரி அங்கே இருந்தது. எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

அவருடைய பெயர்.

“சார், எனக்குக் கீழேருந்து வந்ததைத்தான் சொன்னேன்” என்று நாச்சியார் அன்றைக்கு மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். “சாக்குச் சொல்லாதே” என்று வாயை அடைத்தவர் அவர்தான். அன்றைக்கே இறங்கிப் பார்த்திருக்கலாம். இதோ, அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“டைரக்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?” என்றாள் ரெஜினா.

“நாச்சியார்னு.”

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “இத்தனை ஃபங்ஷன்ல ஒண்ணுகூட கைக்கு வந்த எண்ணை மாத்தல, சார்.”

பொன்னுரங்கம் எழுந்துபோய் டைரக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

“வாங்க. தப்பு எங்கேன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது, சார். நான் எழுதின வரியிலதான். போன தடவை நாச்சியார்னு மாத்திச் சொல்லிட்டேன்.”