பானையில் போட்ட ஐஸ்

மடத்தை நடத்திவந்த குருவம்மாளுக்கு அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் குழந்தைவேலு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தை விட வேண்டும் என்று மடத்துக்கு வந்தவர், ஒரு நாள் பையும் கையுமாகச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் வீட்டுக்குக் கிளம்புறேன் தாயே. ஒரு வருஷமா கண்ணை மூடி உக்காந்ததுதான் மிச்சம். தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கான். ஒரு தடவை பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்கான். அவன் எனக்குச் செஞ்சதை நெனச்சா இன்னும் நெஞ்சு எரியுது. இந்த நெஞ்சோட எப்படிப் போய் அவன் முன்னால நிப்பேன்?"

குருவம்மாள் மோர்ப்பந்தலுக்காக வந்திருந்த ஐஸ் கட்டியை உடைத்து, ஒரு பானையில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். கரண்டியை அவரிடம் நீட்டினார்.

"கிண்டுங்க ஐயா. அப்பப்ப விரலை விட்டுப் பாருங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கிண்டினார். விரலை விட்டார். சில்லென்றது. விறகு நன்றாகப் பிடித்து எரிந்தது. மறுபடி விட்டார். அதே சில்லிப்பு. ஐஸ் பாதியாகக் கரைந்திருந்தது, தண்ணீரோ இம்மியும் சூடேறவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"தாயே, இவ்வளவு தீயும் எங்க போகுது?"

"ஐஸ்ல துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. தீ மொதல்ல அந்தப் பிடியைத் தளர்த்துது. வர்ற சூடெல்லாம் அதுக்கே சரியாப் போயிடுது."

"அப்ப துகள் மாறலையா?"

"அதே துகள்தான். ஐஸ்லயும் அதுதான், தண்ணியிலயும் அதுதான்."

குழந்தைவேலு பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிப் பிடிகள் அவர் முன்னாலேயே சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தன. கும்பிடத் தோன்றியது. கையில் கரண்டி இருந்தது.

ஆனாலும் கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா?

"சரி தாயே, அது ஐஸ். எனக்கு எது தளர்ந்துச்சு?"

குருவம்மாள் விறகை உள்ளே தள்ளினார்.

"நீங்க வந்த அன்னைக்கு, கூடப் பொறந்தவங்க உண்டான்னு கேட்டேன். 'அந்தத் துரோகி பேச்சை எடுக்காதீங்க'ன்னு சொன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரியில யாரு கிடக்கிறதா சொன்னீங்க?"

"தம்பி..." என்றார் குழந்தைவேலு. கண் நிறைந்துவிட்டது.

"கரண்டியை இப்படிக் குடுங்க ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் வந்துடும்."