நாலாவது ஆட்டம்

"எப்படிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டமில்லை அம்மா. அப்புறம் ஏன் ரெண்டு நாளா சோறு இறங்க மாட்டேங்குது?"

கேட்டவர் மகுடபதி. விதைக்கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மேட்டு மடத்து மரகதம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மகுடபதி அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் ஒரு கேள்வியோடு வருவார். பதிலைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

மரகதம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"நஷ்டமில்லாத விஷயமா? அது என்னது?"

"கபடிப் பந்தயம் அம்மா."

"உட்காருங்க. எனக்குப் பந்தயம் தெரியாது. சொல்லிக் குடுங்க."

குருவுக்கே பாடம் எடுக்கும் வாய்ப்பு எத்தனை சீடர்களுக்குக் கிடைக்கும்? மகுடபதி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முறத்திலிருந்து நாலு மொச்சையை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார்.

"மடத்துக்குப் பின்னாடி மைதானத்துல நேத்தும் இன்னிக்கும் நாலு ஆட்டம். இது நாலும் நாலு ஆட்டம்னு வெச்சுக்குங்க. ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பணம் கட்டினா அது ஒத்தை. ஜெயிச்சா வாங்கிட்டுப் போயிடலாம். ஆனா லாபம் கொஞ்சம்தான்."

"சரி."

"ரெண்டைச் சேர்த்துக் கட்டினா ஜோடி. முதல் ஆட்டத்துல வர்ற பணம் மொத்தமும் ரெண்டாவது ஆட்டத்து மேல ஏறும். லாபம் பெருகும். ரெண்டும் ஜெயிக்கணும்."

"ஒண்ணு தோத்தா?"

"ரெண்டும் போச்சு."

"நாலையும் சேர்த்தா?"

"அது நாலுகட்டு." மகுடபதியின் குரலில் ஒரு மிடுக்கு வந்தது. "நூறு ரூபா வெச்சா ஆயிரத்தைத் தாண்டும். நாலும் ஜெயிக்கணும். மூணு ஜெயிச்சு ஒண்ணு தோத்தாலும் கால் காசு வராது."

"ஜெயிச்ச மூணுக்கு ஒரு மரியாதையும் கிடையாதா?"

"கிடையாது அம்மா."

மரகதம்மா இன்னொரு மொச்சையை உரித்தார்.

"கொஞ்சம் பதவிசா ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. பிரிச்சுக் கட்டறது. இந்த நாலையும் ரெண்டு ரெண்டா மாத்தி மாத்திச் சேர்த்தா ஆறு ஜோடி வரும். ஆறுக்கும் தனித்தனியாப் பணம் வைக்கணும். ஒரு ஆட்டம் தோத்தாக்கூட மூணு ஜோடி நிக்கும். பயந்தவன் கட்டறது."

"நீங்க எதைக் கட்டினீங்க?"

"நாலுகட்டு. கடைக்கு விதை எடுக்க வெச்சிருந்த பணம் அத்தனையும்."

"இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?"

மகுடபதி மூன்று மொச்சையை ஓரமாகத் தள்ளினார்.

"மூணும் ஜெயிச்சாச்சு. மிச்சம் இது ஒண்ணுதான், இன்னும் கொஞ்ச நேரத்துல. ஆத்துப்பட்டி ஜெயிக்கணும். போன வருஷம் கோப்பை வாங்கினவங்க."

"எதிர்ல யாரு ஆடறாங்க?"

மகுடபதி நாலாவது மொச்சையை விரலால் உருட்டினார்.

"நம்ம ஊர்தான்."

"நம்ம ஊர் அணியில உங்க மகன் நவநீதன் இருக்கானே."

"இருக்கான். பாசத்தைப் பார்த்தா பந்தயம் கட்ட முடியுமா அம்மா? கணக்குன்னா கணக்கு. அதனாலதான் நஷ்டமில்லைன்னு சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து ஆள் எடுக்க வந்திருக்காங்க. நம்ம ஊர் ஜெயிச்சா நவநீதனை எடுத்துக்குவாங்க, மாசச் சம்பளம். தோத்தா எனக்குப் பணம். ரெண்டுல ஒண்ணு நிச்சயம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பந்தயப் பணம் வாங்கறவர்கிட்டப் பேசி, நாலாவதை மட்டும் கழட்டி விடச் சொல்லலாமே."

"கேட்டேன் அம்மா. சேர்த்துக் கட்டினது சேர்த்துத்தான் போகும்னுட்டார்."

மைதானத்து ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டு ஊர்ப் பெயரையும் யாரோ தொண்டை கிழியச் சொன்னார்கள்.

மரகதம்மா தரையில் கிடந்த நாலு மொச்சையையும் முறத்துக்குள் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. ஆட்டம் பார்க்கலாம்."

"நான் வரலை அம்மா. முடிஞ்சதும் யாராவது வந்து சொல்லுவாங்க."

"கேள்வி கேட்டீங்கல்ல? வாங்க."

நல்ல கூட்டம். மரகதம்மாவுக்கு வழி விட்டார்கள். அவர் பின்னால் மகுடபதியும் முதல் வரிசைக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

ஆட்டம் ஏட்டிக்குப் போட்டியாகப் போனது. ஆத்துப்பட்டி ஒரு புள்ளி எடுத்தால் உள்ளூர் ஒன்று எடுத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஊரே கத்தியது. மகுடபதி மட்டும் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க கத்தலையா?" என்றார் மரகதம்மா.

மகுடபதி வாயைத் திறந்தார். யார் பெயரைச் சொல்வதென்று தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் புள்ளி சமம். நவநீதன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிக்கொண்டு உள்ளே போனான்.

போனவன் ஒருவனைத் தொட்டுவிட்டான். திரும்புவதற்குள் ஒருவன் காலைப் பிடித்தான். இன்னொருவன் இடுப்பில் விழுந்தான். மூன்றாவது ஆளும் மேலே பாய்ந்தான். அந்தக் குவியலுக்கு அடியில் நவநீதனின் தலை மட்டும் தெரிந்தது. அவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருந்தான். ஒரு கை மட்டும் மெல்ல மெல்ல நீண்டது.

விரல் கோட்டைத் தொட்டது.

விசில் அடித்தார்கள். ஊர் மொத்தமும் எழுந்து குதித்தது.

"ஐயோ!"

சத்தமாகத்தான் வந்தது. மகுடபதியின் வாயிலிருந்துதான் வந்தது.

முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான். "என்னண்ணே, ஜெயிச்சது உங்க பையன்!"

மகுடபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. விதைப் பணம் போன நினைப்பு அப்போது அவருக்கு வரவே இல்லை. தன் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நவநீதனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். அவன் சிரித்துக்கொண்டே கூட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"அம்மா, நான் எப்படி அவன் மூஞ்சியில முழிப்பேன்?" என்றார் மகுடபதி.

மரகதம்மா அவர் வாயிலிருந்த துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"முட்டியில ரத்தம் ஒழுகுது. போய்த் துடைச்சு விடுங்க."