சறுக்கிய பிள்ளையார்

கனடாவின் வடக்கே பனி பஞ்சுபோல இறங்கிய ஒரு காலையில், பனியில் ஓடும் ஸ்னோமொபில் வண்டிகளை வாடகைக்கு விடும் முதலாளி குலசிங்கம், அவற்றை ஏற்றிச்செல்ல லொறியின் பின்தளத்தில் பூட்டும் புது உலோகத் தட்டு வாங்க வந்தார். கடை வாசலில் இரண்டு தட்டுகளை லேசாய்ச் சரித்து வைத்திருந்தார்கள். ஒன்று கண்ணாடியாய் மினுங்கியது. மற்றது சொரசொரப்பாக, துளை துளையாக இருந்தது.

"மினுங்கிறதுதான் எனக்கு வேணும்," என்றார்.

கூட வந்த அவருடைய லொறிச் சாரதி நகுலன் ஏதோ சொல்ல வந்தான்.

"நீ வாய் திறக்கக்கூடாது. ஆனா வண்டி சறுக்கி விழுந்தா உன்ர வேலை போச்சு."

நகுலன் தலையாட்டினான். முதலாளி புதுசாய் வாங்கும் எதற்கும் பூசை வைப்பது எப்போதும் அவன்தான். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வெற்றிலையில் இருத்தி, மினுங்கும் தட்டில் வைத்தான். பிள்ளையார் கனவில் போகிறவர்போலச் சத்தமில்லாமல் சறுக்கி, வெண்பனிக்குள் மஞ்சளாய் இறங்கினார்.

அவரை எடுத்துச் சொரசொரத்த தட்டில் வைத்தான். பனி துளைவழியே உதிர்ந்தது. அவர் அசையவில்லை.

குலசிங்கம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

"இதையே பூட்டச் சொல்லு. நீ முதலே சொல்லியிருக்கலாமே?"

"இப்ப வாய் திறக்கலாமோ, ஐயா?" என்று கேட்டான் நகுலன்.