மடிக்காத இலை

அன்று மடத்தில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அடிகள் ஒருவர். அவருடைய சீடர் மாசிலாமணி ஒருவர். மலைமேல் இருக்கும் கோல்ஃப் மைதானத்தின் நிர்வாகி பொன்னுரங்கம் ஒருவர். அந்த மைதானத்தில் ஆடக் கற்றுக்கொண்ட செவ்வந்தி ஒருவர். ஏரிக்கரை ஊரிலிருந்து அங்காயியும் அவளோடு வந்தவர்களுமாக ஆறு பேர். சமையல் பார்க்கும் முத்தையா ஒருவர். பரிமாறுகிற நான் ஒருவன். குருபூசைக்கு இலை நறுக்கியதும் நான்தான். பன்னிரண்டு இலை.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். இளமையில் நெடுந்தூர ஓட்டக்காரர். பிறகு மாவட்ட விளையாட்டு அதிகாரி. ஓய்வு பெற்றதும் மடத்துக்கு வந்து சீடரானார். ஆனாலும் விளையாட்டு அவரை விடவில்லை. கடலோர நாடுகள் இருபதும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடி நடத்தும் பெரிய விளையாட்டு விழாவில், எந்த ஆட்டம் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் ஒன்பது பேர் குழுவில் அவரும் ஒருவர்.

காலையில் கிணற்றடியில் அடிகள் வாளி இறைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி அருகில் போய் நின்றார்.

“சாமி, ஒரு சந்தேகம். அந்த விழாவில் கோல்ஃப் இருக்கலாமா?”

“எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. நீ சொல்.”

“அது பணக்காரர் ஆட்டம், சாமி. ஓட வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். ஒரு மைதானத்துக்கு ஓர் ஏரித் தண்ணீர் போகிறது. பேர்பெற்ற ஆட்டக்காரர்களும் இந்த விழாவுக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய கோப்பைகள் வெளியே இருக்கின்றன. ஓட்டக்காரனுக்கு இந்த விழாதான் உச்சி. அவர்களுக்கு இது வழியில் வரும் ஒரு திருப்பம்.”

“இருக்கலாம் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?”

“எல்லா நாட்டிலும் ஆடுகிறார்கள், அறுபது வயதிலும் ஆடலாம் என்கிறார்கள். நடுவர் கூடவே நிற்பதில்லை, தவறினவரே தன் தவறைச் சொல்லிக்கொள்ள வேண்டும், அப்படி வேறு எந்த ஆட்டம் இருக்கிறது என்றும் கேட்கிறார்கள்.”

அடிகள் வாளியை மேலே எடுத்தார். பாதிதான் நிறைந்திருந்தது. அதிலும் மண்.

“தீர்ப்பு எப்போது?”

“இன்று மதியம் சொல்வார்கள்.”

“உன் சீட்டு?”

“நேற்றே போட்டுவிட்டேன்.”

“போட்டுவிட்டு ஏன் கேட்கிறாய்?”

மாசிலாமணி கிணற்றுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அடிகள் மண் தெளியட்டும் என்று வாளியை ஓரமாக வைத்தார்.

பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். செவ்வந்தி மலையிலிருந்து நடந்தே வந்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. சின்ன வயதில் அந்த மைதானத்தின் புதர்களில் பந்து பொறுக்கியவள். இப்போது இந்த நாட்டிலிருந்து விழாவுக்குத் தேறிய பெண் அவள் ஒருத்திதான்.

மாசிலாமணியைக் கண்டதும் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

“ஐயா, நீங்க வாங்கிக் கொடுத்த ஷூவை இன்னும் வெச்சிருக்கேன். அடி தேஞ்சு போச்சு. தூக்கிப் போட மனசு வரலை.”

“எப்பவோ கொடுத்தது.”

“குழுவுல நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் எங்கம்மா நிம்மதியாத் தூங்குச்சு. எனக்காகப் பேசியிருப்பீங்க.”

மாசிலாமணி தண்ணீர்ச் செம்பைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

அங்காயிக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மைதானத்தின் வேலியை மட்டும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் புழுதி. கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு செவ்வந்தியின் வாயைக் கிளறினாள்.

“ஏம்மா, ஒரு பந்தை அடிச்சிட்டு அது பின்னாலயே போறதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய இடம்? எங்க ஆடு இருபதும் அதுல மேஞ்சா ஒரு கோடை தாங்கும்.”

“மேய விட்டா எங்க பந்தைத் தின்னுடும் அக்கா.”

“தின்னா என்ன, காலையில கிடைச்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள்.

“சரி, இதுல தப்பாட்டம் ஆடினா விசில் ஊதறது யாரு?”

“யாரும் இல்லை அக்கா. நாமதான் சொல்லணும்.”

“யாராச்சும் சொல்வாங்களா?”

“நான் சொன்னேன். தேர்வுப் போட்டியில கடைசி நாள். புல்லுல கிடந்த பந்து, அடிக்கப் போறப்ப மட்டை பட்டு அசைஞ்சிருச்சு. ஒரு நெல்லு நீளம்கூட இருக்காது. கூட ஆடினவங்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க. நானே கணக்குல ஒரு அடி சேத்துக்கிட்டேன். இதுல அடி கூடினா பின்னாடி போயிடுவோம். அந்த ஒரு அடியால இன்னொருத்தியும் நானும் சமமாயிட்டோம். மறுபடி ஆடித்தான் இடம் கிடைச்சது.”

“யாரும் பாக்கலைங்கற. அப்புறம் எதுக்குச் சொன்னே?”

செவ்வந்திக்கு அந்தக் கேள்வி புரியவில்லை போல இருந்தது.

“அசைஞ்சிருச்சே அக்கா.”

அடிகள் பூசைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. உள்ளே வாசற்படியோரம் செம்பைக் கையில் வைத்தபடி மாசிலாமணி நின்றிருந்தார்.

பூசை முடிந்து பந்தி போட்டோம். முதலில் பத்து இலை. பரிமாறுகிற எங்கள் இருவருக்கும் கடைசியில். உண்டவர்தான் தன் இலையை மடிக்க வேண்டும், அடுத்தவர் இலையை யாரும் தொடக் கூடாது என்பது இந்த மடத்து வழக்கம். அடிகளின் குருநாதர் காலத்திலிருந்து இருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

சோறும் பருப்பும் பரிமாறி முடிக்கும்போது பொன்னுரங்கத்தின் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் கேட்டார். “அப்படியா, அப்படியா” என்றார். வைத்துவிட்டார்.

“முடிஞ்சு போச்சுங்க. கோல்ஃபைத் தூக்கிட்டாங்க. அஞ்சுக்கு நாலு.”

செவ்வந்தி இலையில் விரல் வைத்திருந்தாள். விரல் அப்படியே நின்றது.

“ஒரு ஓட்டா?” என்றாள்.

“ஒரே ஒரு ஓட்டு. மடிச்ச சீட்டு. எவன் எப்படிப் போட்டான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.”

அங்காயிதான் முதலில் கேட்டாள்.

“அப்ப இனிமே அந்த மைதானம் மூடிடுவாங்களா?”

“எதுக்கு மூடணும்?” என்றார் பொன்னுரங்கம். சாம்பாரைக் குழைத்துக்கொண்டே பேசினார். “விழா வருதோ வரலையோ, எங்க மெம்பருங்க ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்க. புல்லு வளந்துக்கிட்டேதான் இருக்கும்.”

“எங்க ஏரித் தண்ணி?”

“அது முப்பது வருஷ ஒப்பந்தம்மா. விழாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. விழா நடந்திருந்தாலாவது நாலு அதிகாரிங்க வந்து பாத்திருப்பாங்க, நீங்களும் மறிச்சுக் கேட்டிருக்கலாம். இப்ப அதுவும் இல்லை.”

“அப்ப பெரிய பெரிய ஆட்டக்காரங்க? அவங்களுக்குக் கஷ்டம்தானே?”

“அவங்களா? அவங்களுக்கு இப்படி ஒரு ஓட்டெடுப்பு நடந்ததே தெரியாது.”

அங்காயி சற்று யோசித்தாள்.

“அப்ப யாருக்குத்தான் இதுல நட்டம்?”

பொன்னுரங்கம் வாய் திறந்தார். செவ்வந்தியைப் பார்த்தார். சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி தன் இலையைத் தொடவில்லை. பக்கத்தில் அடிகள் உண்டுகொண்டிருந்தார். மாசிலாமணி தாழ்ந்த குரலில் பேசினார். நான் ரசம் ஊற்றக் குனிந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

“சாமி, ஏரியை நினைத்துத்தான் போட்டேன்.”

“சரி.”

“ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை.”

“ஆமாம்.”

“நான்தான் என்று யாருக்கும் தெரியாது.”

அடிகள் ரசத்தைச் சோற்றில் பிசைந்தார்.

“நீ சீட்டை மடித்தபோது அங்கே யார் இருந்தார்கள்?”

“யாரும் இல்லை.”

“அவள் பந்து அசைந்தபோது?”

மாசிலாமணி எழுந்தார். பந்தியில் பாதியில் எழுவது இந்த மடத்தில் வழக்கமில்லை. அடிகள் தடுக்கவில்லை. அவர் எதிர்வரிசைக்குப் போய், செவ்வந்தியின் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, கூடாதென்று போட்டவர்களில் நானும் ஒருவன்.”

செவ்வந்தி அவரைப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. தூரத்தில் விழுந்த பந்து எந்தப் பக்கம் உருண்டது என்று பார்ப்பவள்போல, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நீங்களா ஐயா?”

“நான்தான். நான் மாற்றிப் போட்டிருந்தால் இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. நானே சொல்கிறேன்.”

அங்காயி மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். பொன்னுரங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“பந்து அசைஞ்சா ஒரு அடி சேத்துக்கிட்டு மேல ஆடுவோம் ஐயா,” என்றாள் செவ்வந்தி. குரல் உயரவில்லை. “மேல ஆட எனக்கு ஆட்டம் இருந்துச்சு. சேத்துக்கிட்டேன். நீங்க எதுல சேத்துக்குவீங்க?”

மாசிலாமணி அவள் இலையையே பார்த்தார்.

“பெரிய ஆளுங்க வர மாட்டாங்கன்னுதானே எல்லாரும் பேசிக்கிறாங்க. அவங்க வரலைன்னா அவங்க இடம்தான் காலி. நான் வர்றேன்னு சொன்னேனே. என்னை எண்ணலையா நீங்க?”

அவள் எழுந்தாள். கை கழுவ வேண்டியிருக்கவில்லை. அடிகளை நோக்கிக் கும்பிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். சாப்பிட்டுப் போம்மா என்று முத்தையா வாசல்வரை போனான். திரும்பி வந்துவிட்டான்.

மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“உன் இலைக்கு வா,” என்றார் அடிகள்.

“இறங்காது சாமி.”

“போட்ட இலை. உண்டு, மடித்து எடு.”

அவர் வந்து உட்கார்ந்தார். சோறு ஆறிப் போயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் உண்டார். எல்லோரும் எழுந்து போன பிறகும் உண்டுகொண்டிருந்தார். பிறகு மடித்தார். தன் பக்கமாக மடிக்க வேண்டிய இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு, பிரித்து, மறுபடி மடித்தார்.

முத்தையாவும் நானும் எங்கள் இலைகளைப் போட்டு உண்டோம். கூடத்தைப் பெருக்கினோம். ஏரிக்கரைக்காரர்கள் மீந்த சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அங்காயி கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பொன்னுரங்கம் தன் காரில் இரண்டு பேரை ஏறிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் ஏறவில்லை.

செவ்வந்தியின் இலை இருந்த இடத்திலேயே இருந்தது. சோற்றின்மேல் பருப்பு காய்ந்து ஏடாகியிருந்தது. மாசிலாமணி அதன் அருகே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்ததும் அடிகள் வந்தார்.

“உண்மையைச் சொல்லிவிட்டேன் சாமி. பாரம் குறையும் என்று நினைத்தேன்.”

“உன் பாரம் குறையவா சொன்னாய்?”

மாசிலாமணி தலை குனிந்தார். “இந்த இலையையாவது நான் மடிக்கட்டுமா?” என்றார்.

“அது உன் இலையா?”

“இல்லை.”

“அப்படியானால் இருக்கட்டும்.”

“அவள் திரும்ப வர மாட்டாள் சாமி.”

“தெரியும்.”

மேலே மைதானத்தில் தண்ணீர் சுழன்று பீய்ச்சும் சத்தம் கேட்கத் தொடங்கியது. தினமும் அந்த நேரத்துக்குத் தொடங்கும். மாசிலாமணி அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார்.

“காலையில் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அந்த விழாவில் கோல்ஃப் இருக்கலாமா, கூடாதா?”

அடிகள் இலையைப் பார்த்தார்.

“பதில் வேண்டியிருந்தவள் எழுந்து போய்விட்டாள். இனி அதை யாருக்குச் சொல்வது?”

மாசிலாமணி ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

விளக்கு வைக்கும்போது நான் எண்ணிப் பார்த்தேன். நறுக்கியது பன்னிரண்டு. மடித்து எடுத்தது பதினொன்று. மீதி ஒன்று.