நடுவில் வைக்காத ராஜா

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. மாநில அணியில் பாக்கி இருப்பது ஒரே ஓர் இடம். தாமோதரன், பொற்கொடி இருவரில் ஜெயிப்பவருக்கு அது. தாமோதரனுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. இதை விட்டால் அவ்வளவுதான்.

இருவருக்கும் சில விநாடிகளே மிச்சம். பொற்கொடி குதிரையைத் தூக்கி வைத்தாள், கையை எடுத்தாள், "செக்" என்றாள். அட, தன் கடிகாரத்தை அமுக்கி நிறுத்த மறந்துபோனாளே! ராஜாவோடு மூலைக்கு ஓடிவிடலாம் என்று தாமோதரன் கை நீட்டுவதற்குள் அவள் நேரம் தீர்ந்தே போனது.

"டைம்!" என்று கத்திவிட்டான். நடுவர் லூர்துசாமி ஓடிவந்து கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பொற்கொடிக்கு முகம் செத்துப்போயிற்று. இருந்தாலும் எழுந்து கை கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்தால் ராஜாக்களைப் பலகையின் நடுவில் வைப்பது அங்கே வழக்கம். தாமோதரன் சிரித்துக்கொண்டே தன் ராஜாவைப் பிடித்தான். பிடித்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ஓட நினைத்த மூலையை எங்கோ கோடியிலிருந்து அவளுடைய மந்திரி காவல் காத்துக்கொண்டிருந்தது! குதிரையை வெட்டவும் ஆளில்லை. ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை. செக்மேட்!

அடக் கடவுளே, இரண்டு பேருமே கவனிக்கவில்லையே! ராஜாவைத் தூக்கிவிட்டால் சாட்சியே இருக்காது. தூக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் விரலை எடுத்துவிட்டான்.

"சார், இங்க பாருங்க. இது மேட்."

பொற்கொடி பலகையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாம் சார். நானே பார்க்காத மேட். தோத்துட்டேன்னு கை குடுத்தாச்சு. குடுத்தது குடுத்ததுதான்" என்றாள்.

லூர்துசாமி கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரம் அவன் பக்கம், கொடுத்த கையும் அவன் பக்கம், பலகை மட்டும் அவள் பக்கம். முடிவுத்தாளில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நீங்களே சொல்லுங்கள்: அந்த இடம் யாருக்கு?

விடை: பொற்கொடிக்குத்தான். குதிரையை வைத்துக் கையை எடுத்ததுமே ஆட்டம் முடிந்துவிட்டது. மேட் வைத்துவிட்டால் கடிகாரம் அமுக்க வேண்டியதில்லை. வைத்தவர் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதற்குப் பிறகு ஓடிய நேரமும் கொடுத்த கையும் கணக்கில் சேராது. லூர்துசாமி அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். தாமோதரன் மறுபடி கை நீட்டினான். இந்தத் தடவை அது தோற்றவன் கை.