விடாதீங்க

நடுக்கடலில் தத்தளிக்கிறவரைப் பார்த்து "விடாதீங்க" என்று கத்தினால், அவர் எதை விடாமல் இருப்பார், சொல்லுங்கள் பார்ப்போம்?

செல்லப்பாண்டி அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தான். கடலோரக் காவல் கப்பலில், மீட்பு வேலைக்குப் புதுசு. கப்பலிலிருந்து இறக்கிய ரப்பர் படகில் அவனும், அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சேவியரும். மாஸ்டர் அவனைவிட வயதில் சின்னவர்.

எதிரே, விசைப்படகு மூழ்கித் தண்ணீரில் கிடந்த அண்ணனும் தம்பியும்.

அண்ணனுக்குக் கண் செருகிவிட்டது. தம்பி ஒரு கையால் மிதந்த காலி டீசல் கேனையும், மறு கையால் அண்ணன் சட்டையையும் பிடித்திருந்தான்.

"எத்தனை தடவை மாஸ்டர் மிதவை வளையத்தை வீசுறது? மூஞ்சிக்கு நேராப் போய் விழுது. தொடவே மாட்டேங்கிறான்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விடாதீங்க, விடாதீங்கன்னு..."

"அதான் விடலை. சொன்ன பேச்சுக் கேக்குற ஆளு."

செல்லப்பாண்டிக்குக் காது சுட்டது. மாற்றிக் கத்தினான்.

"தம்பி, விட்டுடு! வளையத்தைப் பிடி!"

தம்பி அண்ணனை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பெரிய அலை ஒன்று இரண்டு பேர் தலைக்கும் மேலே போனது. தலைகள் வெளியே வந்தபோது கேன் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ மாஸ்டர், கேனை விட்டுட்டான்!"

மாஸ்டர் அதற்குள் குதித்திருந்தார்.

நீந்திப் போய், அண்ணனுக்கு அடியில் கை கொடுத்து இருவரையும் தாங்கினார். செல்லப்பாண்டி படகைப் பக்கத்தில் கொண்டுவந்தான். அண்ணனுக்கு மூச்சு இருந்தது. உடனே தூக்க வேண்டும். ஆனால் சட்டையில் சிக்கிய தம்பியின் விரல்கள் திறக்கவில்லை.

செல்லப்பாண்டி குனிந்து அந்த விரல்களைப் பிரிக்கப் போனான்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"பின்னே எப்படித்தான் மாஸ்டர் தூக்குறது? விடுன்னாலும் விட மாட்டேங்கிறான்."

மாஸ்டர் வாயிலிருந்த உப்புத் தண்ணியைத் துப்பினார்.

"பஸ்ஸுல உங்க வீட்டம்மா தோள்ல பிள்ளை தூங்குது. அவங்களுக்குக் கை கடுக்குது. விடுன்னா சொல்லுவீங்க?"



செல்லப்பாண்டி படகின் விளிம்பில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் நீட்டி, அண்ணனின் அக்குளுக்கு அடியில் கொடுத்தான். இந்தத் தடவை கத்தவில்லை.

"தம்பி, கை வலிக்குமே. அண்ணனை இப்படி என்கிட்ட குடுங்க. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."