வெள்ளைக் கோட்டு வழக்கு

வெகு காலம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் வாசற்படிக்கு அடியில் ஓர் எறும்புப் புற்று இருந்தது. ஐப்பசி மழையில் சேமித்ததெல்லாம் ஊறிப் போய், உள்ளே குஞ்சுகள் பட்டினி கிடந்தன.

மழை விட்ட ஒரு காலையில் எட்டிப் பார்த்தால், வாசலில் ஒரு வெள்ளைக் கோடு. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. ஓர் எறும்பு நக்கிப் பார்த்துவிட்டு, "பச்சரிசி மாவு" என்று கூவியது.

உடனே ஓடிப்போய் அள்ளியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் புற்றில் இரண்டு அறிவாளிகள் இருந்தார்கள். ஒருவர் நீளமீசை, இன்னொருவர் கோணமீசை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

"இது தானாக வந்ததில்லை," என்றது நீளமீசை. சந்தோஷத்தில் அதற்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "கோட்டோரமாகவே நடந்து அளந்துவிட்டேன். எந்த வளைவும் எந்தப் புள்ளியையும் தொடவில்லை. இந்தப் பக்கம் இருப்பது அப்படியே அந்தப் பக்கமும் இருக்கிறது. இதைப் போட்ட ஒருவர் இருக்கிறார்."

"மணலில் காற்று போடும் வரிகளும்தான் ஒன்றுபோல இருக்கின்றன," என்றது கோணமீசை. "அதை யார் உட்கார்ந்து போட்டார்? காற்றுக்கு ஒரு விதி இருப்பதுபோல மாவுக்கும் ஒரு விதி இருக்கும். அதைக் கண்டுபிடிப்போம்."

"அந்த விதியைப் போட்டது யார்?"

"போட்டவரைப் போட்டது யார்?"

கூட்டம் ஆரவாரித்தது. புற்று இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நிஜமாகவே நல்ல விவாதம், குறை சொல்ல முடியாது. கேட்டவர்களுக்குப் பசிகூட மறந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் ஒத்துப்போயிற்று. தீர்ப்பு வரும்வரை யாரும் மாவில் வாய் வைக்கக் கூடாது, தின்றால் தடயம் அழிந்துவிடும். எல்லாரையும் படிக்கு அடியில் ஒதுக்கிக் காவல் போட்டார்கள்.

குஞ்சுகளை வளர்க்கும் செவிலி எறும்பு பொறுக்க மாட்டாமல் முன்னே வந்தது. "ஐயா, கோட்டின் அழகு இருக்கட்டும். சுண்ணாம்பாக இல்லாமல், செங்கல் தூளாக இல்லாமல், நாம் தின்கிற அரிசியாக ஏன் இருக்கிறது?"

நீளமீசை துள்ளியது. "கேட்டீர்களா? நம் பசி தெரிந்த ஒருவர்."

கோணமீசையும் துள்ளியது. "அருமையான கேள்வி. ஆனால் அரிசி இருந்ததால்தானே இங்கே கூடிப் பேசுகிறோம்? சுண்ணாம்பு கிடக்கிற வாசலில் எந்த எறும்பு நின்று கேள்வி கேட்கும்?"

"பதிலுக்காக நான் கேட்கவில்லை ஐயா," என்றது செவிலி. "குஞ்சுகளுக்காகக் கேட்டேன்."

"கொஞ்சம் பொறும்மா, நெருங்கிவிட்டோம்," என்றன இரண்டும்.

வெயில் ஏறியது. கதவு திறந்தது. புதிதாக அந்த வீட்டுக்குக் குடிவந்திருந்த சண்பகவல்லி வெளியே வந்து, குனிந்து பார்த்தாள். விடியலில் போட்ட கோலம் போட்டபடியே இருந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். எறும்பு தின்னட்டும்னு பச்சரிசி மாவுல போட்டேன். ஒண்ணுகூட எட்டிப் பாக்கல."

படிக்கு அடியில், "இடி இடிக்கிறது," என்றது கோணமீசை. "அதற்கும் ஒரு விதி இருக்கும்."

அவள் கணவன் முப்பிடாதி வந்து கோலத்தைச் சுற்றிப் பார்த்தான். "இருந்தா வராமலா இருக்கும்? இந்த வீட்ல எறும்பே கெடையாது போலுக்கு."

"அப்படித்தான் தெரியுது," என்றாள் அவள். "இல்லாத எறும்புக்கு எதுக்கு அரிசிய வீணாக்கணும்? நாளைலருந்து கல்லு மாவுலயே போடுதேன்."